ஸ்பிரிங்வெளிக்குக் கொண்டுபோன கோடி

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதிய பயணங்களெல்லாம் நானாக ஆசைப்பட்டுப் போனவை. இது அப்படியில்லை. ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, திருச்சியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இலங்கையிலிருந்து செல்வம் கூப்பிட்டான். பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை பாக்கியத்தின் மகன். "மச்சான், அம்மா தவறிட்டாங்க" என்றான்.

அப்பாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். தங்கை செத்த சேதியைக் கேட்டதும் அழவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் செத்தால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் தலை முழுக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "கோடி யார் கொண்டுபோறது?"

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அது வந்து உடம்பின்மேல் விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். என்னதான் புருஷன் வீட்டில் ஐம்பது வருஷம் வாழ்ந்திருந்தாலும், கடைசியில் "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று பிறந்த வீடு வந்து சொல்லிவிட்டுப் போகிற மரியாதை அது. எங்கள் குடும்பத்தில் சிக்கல் என்னவென்றால், நடுவில் கடல் இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப்பேரை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், தாத்தாவும் அப்பாவும் கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டார்கள். அத்தைக்கு அதற்குமுன்பே கல்யாணமாகியிருந்தது. அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. நானும் அவளைக் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதி நேரம் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலமே அப்பா முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சேலை வாங்கி வந்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. மாமா உயிரோடு இருப்பதால் அத்தை சுமங்கலியாகப் போகிறாள், வெள்ளை கூடாது. "கோடி விழாம அவளத் தூக்கிறக் கூடாதுடா" என்றார். தன்னால் போக முடியவில்லை என்ற கோபத்தையும் சேர்த்து என் கையில் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இலங்கைக்கான நுழைவு அனுமதியை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு அரை நாளில் வந்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போக அதைவிட அதிக நேரமாகும். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அப்பாவால் ஐம்பது வருஷமாகக் கடக்க முடியவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, இரண்டு சட்டைக்கு நடுவில் ஒரு சேலையைக் கண்டு சிரித்தார். அவரிடம் எதைச் சொல்லி விளக்குவது?

செல்வம் வேன் ஏற்பாடு செய்திருந்தான். ஓட்டுநர் பெயர் சமன், பண்டாரவளைக்காரர், சிங்களவர். தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கியே தமிழ் கற்றுக்கொண்டவர். விமான நிலையத்திலிருந்து பண்டாரவளைக்கு, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு நிறுத்தியது சேர்த்து எட்டு மணி நேரம் பிடித்தது. இலங்கை ரூபாயில் முப்பதாயிரம் கேட்டார், பேரம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை. பெரகலையில் ஏற ஆரம்பிக்கும் சாலை அப்புத்தளையில் மூடுபனிக்குள் நுழைகிறது. சன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் தேயிலையின் முதல் வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கிழக்கு நோக்கிய மலைகள் ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை விடாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மாசிக்கு மேல் வாருங்கள்.

வழியில் ஓரிடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி வெள்ளைக் கொடிகள் தொங்கின. ஏதோ கோயில் திருவிழா என்று நினைத்தேன். சமன் வேகத்தைக் குறைத்தார். "மளகெதர, மாத்தயா. செத்த வீடு" என்றார். மாத்தயா என்றால் ஐயா. இறந்தவர் பிக்குவாக இருந்தால் கொடி காவி நிறத்தில் இருக்குமாம். இப்போது தோட்டத்துத் தமிழர்களும் இதே மாதிரி வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள் என்றும் சொன்னார். இந்தத் தகவலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டேன். தலையாட்டியதோடு நிற்காமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இன்னொன்றும் அவரிடம் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் மறுநாளே அவசரப்படுவார்கள். இங்கே உடம்புக்கு மருந்து ஏற்றி இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பது சகஜம். தூரத்தில் இருக்கிறவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். எனக்காகவும் காத்திருந்தார்கள்.

இரவு பண்டாரவளையில் தங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பதுளை முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஸ்பிரிங்வெளி பத்துப் பன்னிரண்டு. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஹாலிஎலைக்கு முன்னால் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதை அறுத்து அகற்றும்வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். செல்வத்தின் அழைப்பு விட்டு விட்டுக் கேட்டது.

"ரெண்டு மணிக்குத் தூக்கணும் மச்சான். பின்னேரம் மழ புடிச்சா குழியில தண்ணி நின்னுரும். பெரிய ரோட்டுலருந்து வெள்ளக் கொடி கட்டியிருக்கோம். அதையே புடிச்சிக்கிட்டு வாங்க. கோடி வராமத் தூக்கக் கூடாதுன்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

அதோடு சிக்னல் போனது. பதுளையைத் தாண்டும்போதே மணி பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. ஒரு சந்தியில் சின்னக் கடை, அங்கிருந்து வெள்ளைக் கொடிகள் இடதுபுறம் இறங்கும் பாதையில் வரிசையாகப் போயின. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட சமன் வேனைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. "நீங்க வண்டியப் போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, தூறலில் கொடியைப் பிடித்தபடி ஓடினேன்.

வீட்டு முற்றத்தில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை உடுத்தியவர்கள் நிறையப் பேர், நெற்றியில் திருநீறு பூசிய நாலைந்து தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் எழுந்து, "உள்ள போங்கய்யா" என்று தமிழில் வழிவிட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே பெட்டியின் இரண்டு பக்கமும் யானைத் தந்தம் மாதிரி இரண்டு வெள்ளைத் தந்தங்களை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டிக்குள் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா. முகத்தில் மாவு பூசி, கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள். சுமங்கலிக்கு ஏன் வெள்ளை உடுத்திவிட்டார்கள் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. பிறந்த வீட்டுக் கோடி வந்து அதை மாற்றட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள் போலும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். உறையைப் பிரித்து, அரக்குச் சேலையை விரித்து, கழுத்துவரை போர்த்தினேன். "அத்தே, அப்பா குடுத்து விட்டாருங்கத்தே" என்று சொன்னதும் உடைந்து அழுதுவிட்டேன். அப்பா அழாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு மெதுவாக ஏதோ கேட்டாள். சிங்களத்தில் கேட்டாள். அப்போதுதான் சுவரில் இருந்த புத்தர் படம் கண்ணில் பட்டது. பின்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்த சமன் என் காதில், "மாத்தயா, இது வேற அம்மா" என்றார்.

சந்தியில் இரண்டு வரிசைக் கொடிகள் இருந்திருக்கின்றன. வலதுபுறம் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் கட்டிய கயிற்றைக் காலைக் காற்று அறுத்துப்போட்டிருந்தது. இறந்தவர் சந்தியில் கடை வைத்திருந்த அம்மா, அதனால்தான் தோட்டத்து ஆட்கள் அங்கே இருந்தார்கள். பெட்டியருகே தந்தம் நிறுத்துவது சிங்களவர் வழக்கமாம். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கோடி விழுந்துவிட்டது. ஒரு உடம்பின்மேல் விழுந்த கோடியை எடுத்து இன்னொரு உடம்புக்குப் போட முடியாது. மணி ஒன்றாகப் போகிறது. மேலே மலையில் அத்தை காத்திருக்கிறாள்.

சமன் அந்தப் பெண்ணிடம் பேசினார். அவள் பெயர் நிலூகா, இறந்தவரின் ஒரே மகள். "நான் சொல்றது, சேலைய எடுத்துக்கலாம், அவங்க ஒண்ணும் சொல்றது இல்ல" என்று சமன் என்னிடம் திரும்பினார். "எடுக்கக் கூடாதுங்க" என்றேன். அது என்ன சேலை என்று அவர் கேட்க, பிறந்த வீட்டுக் கோடியைப் பற்றித் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் நிலூகா பெட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று பதறினேன். சமன்தான் சொன்னார், அந்த அம்மா மாத்தறைப் பக்கம். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு இந்த மலைக்கு வந்தவர். சேதி சொல்லியும் அவர் பிறந்த வீட்டிலிருந்து இந்த மூன்று நாளில் ஒருவரும் வரவில்லை. "அது இருக்கட்டும் சொல்றாங்க மாத்தயா. அம்மாகிட்டயே இருக்கட்டுமாம்."

நிலூகா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே மஞ்சள் சேலை, கடை மடிப்புக் கலையாமல் இருந்தது. போன சித்திரை வருஷப் பிறப்புக்கு அம்மாவுக்கு அவள் வாங்கியது. நல்ல நாளைக்கு என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மா உடுத்தவே இல்லை. அதை என் கையில் வைத்து, மலைப்பக்கம் கை காட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வேன் ஏறும்போது சமன், "மேல போய் ஒண்ணும் சொல்ல வேணாம். புதுச் சேல தானே. யாருக்குத் தெரியும்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

லயத்துக்குக் கீழே, வளைவில், தப்பு மேளச் சத்தம் கேட்டது. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்துக் குடியிருப்பு. கோடி கொண்டுவருகிறவனை எதிர்கொள்ள ஊரே இறங்கி வந்து நின்றிருந்தது. அன்று அந்த டிவிசனில், தோட்டத்துப் பேச்சில் மேக் கணக்கில், பாதிப்பேர் கொழுந்து பறிக்கப் போகவில்லை. தப்படிக்கிறவர்கள் என் முன்னால் ஆடிக்கொண்டே பின்வாங்கினார்கள். ஒரு பெண், "அண்ணன் வீட்டுக் கோடி வந்திருச்சு பாக்கியம்!" என்று மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். அதைக் கேட்ட பிறகு என்னால் பொய்யோடு நடக்க முடியவில்லை. செல்வத்தைக் கட்டிக்கொண்டு நடந்ததைக் காதில் சொன்னேன். அவன் முகம் மாறியது. தப்பு நின்றது. இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"ஒரு சாவு வீட்டுலருந்து இன்னொரு சாவு வீட்டுக்குச் சேல வரலாமா?" என்று, சற்றுமுன் மாரில் அடித்துக்கொண்ட அதே பெண் கேட்டாள். "அதுவும் எந்த ஊட்டுச் சேலையோ. இத எப்படிப் பொறந்த ஊட்டுக் கோடின்னு போடுறது?"

அவள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அத்தையின் கணவர் கருப்பையா மாமா, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வாசலுக்கு வந்தார். ஆள் மெலிந்து, கம்பளிச் சட்டைக்குள் தொலைந்துபோயிருந்தார்.

"எந்த அம்மா? சந்திக் கடையம்மாவா?"

"ஆமாங்க மாமா."

"இவ பொறந்தது எங்க? திருச்சியிலயா பொறந்தா?" என்று பெட்டியைக் காட்டி அந்தப் பெண்ணிடம் கேட்டார். "இந்தா, இந்த மேக் கணக்கு லயத்துல பொறந்தா. திருச்சி எந்தப் பக்கம்னே அவளுக்குத் தெரியாது. மச்சான் அங்க போயிட்டாருங்கிறதுக்காக அது அவ பொறந்த ஊடாயிருமா? இந்த ஊர்லருந்து வந்த சேல பொறந்த ஊட்டுச் சேல தான். அண்ணன் மகன் கையால வருது. வேற என்னா வேணும்? போடுங்க மாப்ள."

போட்டேன். மஞ்சள் சேலை அத்தைக்கு எடுப்பாக இருந்தது. திரையில் பார்த்த நெற்றிதான், அடையாளம் தெரிந்தது. இந்த முறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மழைக்கு முன் எடுத்துவிட்டார்கள். இந்துக்களும் இங்கே பெரும்பாலும் புதைக்கிறார்கள். தேயிலைக்கு நடுவில் விட்டுவைத்திருக்கும் ஒரு சரிவில் இந்துக்களின் மேடுகளும் கிறிஸ்தவர்களின் மரச் சிலுவைகளும் கலந்தே கிடக்கின்றன. அத்தைக்குக் குழி வெட்டிய நான்கு பேரில் இருவர் பக்கத்து லயத்துக் கிறிஸ்தவர்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் அன்றைக்குச் சாப்பாடும் அவர்கள் வீடுகளிலிருந்துதான் வந்தது. கீழே நிலூகா வீட்டிலும் அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்திருந்தார்கள். இதையெல்லாம் ஒப்பிட்டுப் பெரிய கருத்து சொல்ல எனக்குத் தெரியாது. பசித்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் சமைக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா அழைத்தார். "கோடி போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சுப்பா" என்றேன். அதற்குமேல் அன்று சொல்லவில்லை.

மறுநாள் நிலூகாவின் அம்மாவுக்கு அடக்கம். நானும் செல்வமும் போனோம். அரக்குச் சேலை அப்படியே இருந்தது, மடிப்பைச் சரிசெய்து மார்புவரை ஏற்றியிருந்தார்கள். பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு ஒரு வெள்ளைத் துணியைத் தானம் கொடுத்தார்கள். பிறகு பாயில் ஒரு தட்டும் கிண்ணமும் தண்ணீர்க் கூசாவும் வைத்தார்கள். இறந்தவரின் உறவுகள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கை கூசாவைத் தொட்டுக்கொண்டு, கிண்ணம் நிறைந்து வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்த புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்பது அதன் பொருள் என்று சமன் சொன்னார். பாயில் நிலூகாவும் அவள் கணவனும் மட்டும்தான் இருந்தார்கள். அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், என்னைக் கண்டதும், "மாமா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இடத்தைக் காட்டினாள். அம்மாவின் அண்ணன் தம்பிக்குச் சிங்களத்திலும் மாமாதான். அதற்குச் சமனின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. போய் உட்கார்ந்து கூசாவைத் தொட்டேன்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில. அவசரமில்லாதவர்கள் கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் போங்கள். ஏறக்குறைய பத்து மணி நேரம், வேனைவிடப் பல மடங்கு மலிவு. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடலாம், முதல்நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்க ஒரு கம்பளி எடுத்துப் போங்கள். வெள்ளைக் கொடியைக் கண்டால் ஒலிப்பானை அடிக்காதீர்கள், கொடியை மட்டும் நம்பி உள்ளேயும் போகாதீர்கள், பெயரைக் கேளுங்கள். அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். நம்மைப் போலவே சிங்களவர்களும் சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போகிறார்கள். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தபோது சமன்தான் கையைப் பிடித்து இழுத்தார்.

அத்தைக்கு மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினேன். அப்பா நாற்காலியில் காத்திருந்தார். இதற்குமேல் மறைக்க முடியாது என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, தந்தம், அரக்குச் சேலை, மஞ்சள் சேலை, மாமா பேசியது, பாயில் உட்கார்ந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அப்ப நாங் குடுத்த கோடி அந்தம்மா மேலதான் இருக்கு."

"ஆமாப்பா."

"அந்தம்மா பொறந்த வீட்டுலருந்து கடைசிவரைக்கும் யாரும் வரலையா?"

"யாரும் வரலப்பா."

ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். குளியலறைப் பக்கம் நடந்தவர் திரும்பி, "கொஞ்சம் வெந்நி போட்டுக் குடு" என்றார்.

"எதுக்குப்பா? அன்னைக்கே தலை முழுகிட்டீங்களே?"

"அது பாக்கியத்துக்கு" என்றார்.